அமைச்சு கலைந்தால் நம் கோப்பு எங்கே போகும்?

பதுளைக் கச்சேரியின் படிகளில் காலை எட்டு மணிக்கு முன்னரே வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக எல்லோர் கையிலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் கிராம உத்தியோகத்தர் தந்த கடிதம், வீடு மண்சரிவு அபாயத்தில் இருக்கின்றது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுதித் தந்த தாள், காணி தருவதாக ஓர் அமைச்சு அனுப்பிய கடிதம், அதே விடயத்தை வேறு பெயருள்ள இன்னோர் அமைச்சு எழுதிய கடிதம். கடிதத் தலைப்புகள் நாலைந்து விதம், குடும்பம் ஒன்றுதான். உள்ளே போனால் எழுதுவினைஞர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த அமைச்சு இப்ப இல்லையே அம்மா" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா திரும்பிப் போகும்போது, அமைச்சு இல்லாவிட்டால் தனக்குச் சொன்ன வாக்கும் இல்லை என்று எண்ணிக்கொண்டு போகிறார். அங்கேதான் தவறு நேர்கின்றது.

அரசாங்கத்தின் அலுவலகங்களை ஜனாதிபதி தம் அதிகாரத்தைக் கொண்டு மாற்றலாமா, சேர்க்கலாமா, ஒழிக்கலாமா என்று இவ்விதழின் வாசகர் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றை ஒரே இரவில் ஒழிக்கலாம். சிலவற்றைத் தொடவே முடியாது. எது எந்த வகை என்று அறிந்திருப்பவர் தம் பையில் உள்ள கடிதங்களில் எது இன்னும் உயிரோடு இருக்கின்றது என்பதையும் அறிவார்.

மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தது ஓர் அரச நிறுவனம். லயம் நின்ற நிலமோ வேறொரு சபையின் கையில் இருந்து குத்தகைக்குக் கம்பனிக்குப் போன நிலம். வீடு கட்டிக் கொடுப்பது இன்னொருவர் பொறுப்பு. இடம்பெயர்ந்தவர்களைப் பராமரிப்பது பிரதேச செயலாளர் வேலை. தோட்ட மக்களின் நலனுக்கென அப்போது தனியாக ஓர் அமைச்சு இருக்கவில்லை. மலையகத்திலிருந்து அமைச்சரவையில் இருந்த ஆறுமுகன் தொண்டமான் அவர்களிடம் இருந்தது கால்நடை வளர்ப்பு மற்றும் கிராமிய சமூக அபிவிருத்தி அமைச்சு.

அனர்த்தம் நடந்து சுமார் பத்து வாரங்களில், 2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் ஆட்சி மாறியது. அமைச்சுகளும் மாறின. முகாமில் இருந்தவர்கள் புதிய அமைச்சருக்கு மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. யாத்திராகமத்தில், யோசேப்பை அறியாத ஒரு புதிய அரசன் எகிப்தில் எழும்பிய கதையை நீங்கள் கோவிலில் கேட்டிருப்பீர்கள். எமது மக்கள் அந்த அரசனைப் பல தடவை சந்தித்துவிட்டார்கள். மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல்தான்.

அமைச்சு என்பது வர்த்தமானியில் பிறப்பது

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் எட்டாம் அத்தியாயம் அமைச்சரவையைப் பற்றியது. எத்தனை அமைச்சுகள் இருக்க வேண்டும், எந்த அமைச்சுக்கு எந்த விடயம் என்று தீர்மானிப்பவர் ஜனாதிபதி. அந்தத் தீர்மானத்தை அவர் எந்த நேரமும் மாற்றலாம். பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு வேண்டியதில்லை. ஒரு அதிவிசேட வர்த்தமானி அச்சிடப்பட்டால் போதும்.

அந்த வர்த்தமானியைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. பார்க்க வேண்டிய ஒன்று அது. ஒவ்வோர் அமைச்சுக்கும் கீழே மூன்று நிரல்கள் இருக்கும். முதலாவதில் அந்த அமைச்சின் கடமைகள், இரண்டாவதில் அதன் கீழ் வரும் திணைக்களங்களும் சபைகளும் கூட்டுத்தாபனங்களும், மூன்றாவதில் அது நடைமுறைப்படுத்த வேண்டிய சட்டங்கள். ஆட்சி மாறும்போது நடப்பது பெரும்பாலும் இவ்வளவே: இரண்டாம் நிரலில் இருந்த ஒரு பெயர் வேறோர் அமைச்சின் கீழே போய் உட்காருகின்றது. மூன்றாம் நிரலில் இருந்த சட்டமும் கூடவே போகின்றது. அமைச்சின் பெயர்ப்பலகை கழற்றப்படலாம். அதன் கீழ் இருந்த சபை கலைக்கப்படவில்லை.

அமைச்சின் செயலாளர் மட்டும் அப்படியல்ல. அரசியலமைப்பின் 52ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதியின் தீர்மானத்தால் ஓர் அமைச்சு இல்லாமற் போனால் அதன் செயலாளரும் அந்தப் பதவியை இழக்கிறார். நம் கடிதங்களில் கையெழுத்து வைப்பவர் பெரும்பாலும் அவரே, அல்லது அவருக்காக ஓர் உதவிச் செயலாளர். ஆகவேதான் அடுத்து வந்தவர், "நான் எழுதியதல்லவே" என்று சொல்லக்கூடியதாய் இருக்கின்றது.

தோட்ட மக்களுக்கான அமைச்சு எத்தனை பெயர் பூண்டது என்று எண்ணிப் பாருங்கள். 2015 ஜனவரியில் தோட்ட உட்கட்டமைப்பு அபிவிருத்தி என்று வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் மலைநாட்டுப் புதிய கிராமங்கள், உட்கட்டமைப்பு வசதிகள் மற்றும் சமுதாய அபிவிருத்தி என்றாயிற்று. இரண்டுக்கும் பொறுப்பாக இருந்தவர் பழனி திகாம்பரம் அவர்கள். 2019 நவம்பரில் சமூக வலுவூட்டல் மற்றும் தோட்ட உட்கட்டமைப்பு என்ற பெயரில் ஆறுமுகன் தொண்டமான் அவர்களிடம் சென்றது. அவர் 2020 மே மாதம் காலமானார். அவ்வாண்டு ஓகஸ்டில் அது அமைச்சரவை அமைச்சாக இல்லாமல் தோட்ட வீடமைப்புக்கான இராஜாங்க அமைச்சாகச் சுருங்கியது. 2023 ஜனவரியில் நீர் வழங்கலோடு சேர்ந்து மீண்டும் அமைச்சரவைக்கு வந்தது. இவ்விரண்டு தடவையும் பொறுப்பு ஜீவன் தொண்டமான் அவர்களுக்கு. 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க அவர்கள் ஜனாதிபதியானதும் சில வாரங்கள் நாட்டின் எல்லா அமைச்சுகளும் மூன்று பேரின் கையில் இருந்தன. நவம்பரில் 21 அமைச்சர்கள் நியமிக்கப்பட்டபோது பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சு என்று ஒன்று அமைந்தது. அதற்கு அமைச்சரானவர் பதுளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் சமந்த வித்யாரத்ன அவர்கள்.

பத்து ஆண்டுக்குள் ஆறு பெயர். ஒரு வீட்டுக் கடன் கட்டி முடிக்க அதைவிடக் கூடுதல் காலம் எடுக்கும்.

அமைச்சுகளைக் குறைப்பது கெட்டது என்று நாம் சொல்லவில்லை. 2007இல் எல்லா வகை அமைச்சர்களையும் சேர்த்தால் நூறுக்கு மேல் இருந்தார்கள். ஒரே வேலையை மூன்று பேர் பங்குபோட்டு, மூவருக்கும் வாகனமும் கட்டடமும் கொடுத்தது யார் பணம்? 2015இல் வந்த 19ஆம் திருத்தம் அமைச்சரவைக்கு 30 பேர் என்று ஓர் எல்லை வைத்ததற்கும் அதுவே காரணம். (தேசிய அரசாங்கம் என்று சொன்னால் எல்லையைத் தாண்டலாம் என்று அதே திருத்தத்தில் ஒரு கதவும் திறந்து வைத்தார்கள் என்பது வேறு கதை.) காணி, விவசாயம், கால்நடை, நீர்ப்பாசனம் நான்கும் 2024 நவம்பரில் ஒரே அமைச்சில் சேர்க்கப்பட்டன. மரக்கறிச் செய்கைக்காரருக்கு அதனால் ஒரு வாசற்படி குறைந்தால் நல்லதுதான்.

சட்டத்தில் பிறந்தது சட்டத்தால்தான் சாகும்

இனி இரண்டாவது வகை. பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, "இப்பெயருடைய ஒரு சபை இருத்தல் வேண்டும்" என்று எழுதி உருவாக்கும் நிறுவனங்கள் இவை. இவற்றை ஜனாதிபதி ஓர் அமைச்சிலிருந்து இன்னோர் அமைச்சுக்கு நகர்த்தலாம். தலைவரை மாற்ற வழி உண்டு. ஆனால் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை அவற்றை ஒழிக்க முடியாது. நீக்குவதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டும்.

நமக்கு மிகவும் கிட்டிய உதாரணம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழு. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அதன் கையில் வந்தன. பின்னர் நிர்வாகம் ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயிற்று. 1992இல் இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகளிடம் தோட்டங்கள் ஒப்படைக்கப்பட்டன. அதைக்கூட ஒரு கட்டளையால் செய்துவிடவில்லை. அரச கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக மாற்றுவதற்கு 1987இல் இயற்றப்பட்ட 23ஆம் இலக்கச் சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். அரை நூற்றாண்டில் ஆணைக்குழுவின் மேல் எத்தனையோ அமைச்சுகள் வந்து போய்விட்டன. ஆணைக்குழு இருக்கின்றது. உங்கள் லயத்தின் நிலம் யாருடையது என்று கேட்டால் இன்றைக்கும் அதன் பெயர் வரும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அப்படியே. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடிப்படை. அனர்த்த முகாமைத்துவத்துக்கென்று இருந்த தனி அமைச்சு 2019க்குப் பின் இல்லாமற் போய், நிலையம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது அதற்கென ஓர் அமைச்சு இருக்கவில்லை. நிலையம் இருந்தது, சட்டம் இருந்தது, மாவட்டத்தில் அதன் அலுவலகம் இருந்தது.

மூன்றாவது உதாரணம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவானது. அமைச்சுகள் வருவதும் போவதுமாக இருந்தால் மலையக மக்களுக்கு நிலையான ஒரு வீடு அரசாங்கத்துக்குள் இல்லை என்பதை உணர்ந்துதான் அதைச் சட்டமாகக் கேட்டு வாங்கினார்கள். ஓராண்டு கழித்து 2019 நவம்பரில் அமைச்சின் பெயர் மாறியது. அதிகார சபை மாறவில்லை. 2025இல் இதை மூடிவிட்டு வேலையை அமைச்சிடமே கொடுப்பது பற்றிய பேச்சு எழுந்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணியின் மனோ கணேசன் அவர்கள் பகிரங்கமாக எதிர்த்தார். ஒரே வேலைக்கு அமைச்சும் சபையும் எதற்கு என்று அரசாங்கத் தரப்பில் கேட்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சபையிடம் போதிய பணமும் ஆட்களும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதும் நாமறிந்ததே. ஆனாலும் அமைச்சுக்குப் போகும் வேலை அடுத்த வர்த்தமானியோடு இன்னொருவரிடம் போகலாம். சட்டத்தில் எழுதப்பட்ட வேலையை அப்படித் தள்ளிவிட முடியாது. எமது எண்ணத்தில், நோஞ்சான் பிள்ளையாக இருந்தாலும் அதற்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் இருக்கின்றது.

சட்டம் நீக்கப்பட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. பொருள்கோடற் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒரு சட்டம் நீக்கப்படுவதால் அதன் கீழ் ஒருவர் ஏற்கெனவே பெற்ற உரிமை பாதிக்கப்படாது, நிலுவையில் உள்ள வழக்கும் நின்றுவிடாது என்று சொல்கின்றது. ஒரு சபையைக் கலைக்கும் சட்டங்கள் அதன் சொத்து, கடன், ஒப்பந்தம், ஊழியர் எல்லாம் யாருக்குச் சேரும் என்றும் வழமையாக எழுதும். பெற்ற உரிமைக்கும் பெறுவோம் என்று நம்பிய உதவிக்கும் இங்கே வித்தியாசம் உண்டு. கையெழுத்திட்ட உறுதி உரிமை. "பரிசீலிக்கப்படும்" என்ற கடிதம் அப்படியல்ல.

திவிநெகும காட்டிய பாடம்

ஒரு ஜனாதிபதியின் அரசாங்கம் பல சபைகளை ஒன்றாக்க முயன்றபோது என்ன நடந்தது என்பதை நாம் கண்முன்னே பார்த்திருக்கின்றோம்.

1989இல் பிரேமதாச அவர்களின் காலத்தில் ஜனசவிய வந்தது. 1995ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தால் சமுர்த்தி அதிகார சபை அமைந்தது. தோட்டங்களில் சமுர்த்தி எட்டிய வீடுகள் குறைவு என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் அந்தப் புத்தகம் இல்லாத ஏழை வீடு இல்லை. 2012இல், சமுர்த்தி அதிகார சபை, உடரட்ட அபிவிருத்தி அதிகார சபை, தென்பகுதி அபிவிருத்தி அதிகார சபை மூன்றையும் கலைத்து, திவிநெகும அபிவிருத்தித் திணைக்களம் என்று ஒன்றாக்கும் சட்டமூலம் வந்தது. பொறுப்பு பொருளாதார அபிவிருத்தி அமைச்சர் பசில் ராஜபக்ஷ அவர்களுக்கு. சட்டத்தில் பிறந்தவையாகையால் வர்த்தமானியால் இயலாது, சட்டமூலம் கொண்டுவரத்தான் வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தப்பட்டது. அதில் மாகாண சபைகளுக்குரிய விடயங்கள் இருக்கின்றன, ஆகவே ஒவ்வொரு மாகாண சபையிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஊவா மாகாண சபை உட்பட மற்றச் சபைகள் சம்மதித்தன. வட மாகாணத்தில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதமாகாது என்று மறுபடி கேள்வி எழுந்தது. சில பிரிவுகளுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், ஒரு பிரிவுக்குச் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க அவர்களின் தலைமையிலான நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் திருத்தப்பட்டு 2013 ஜனவரி 8ஆம் திகதி மூன்றில் இரண்டு வாக்குகளால் நிறைவேறியது. மூன்று நாட்களின் பின், ஜனவரி 11ஆம் திகதி, அதே பாராளுமன்றம் பிரதம நீதியரசரைப் பதவி நீக்கும் தீர்மானத்தையும் நிறைவேற்றியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை என்று அரசாங்கம் சொன்னது. நம்பியவர்கள் குறைவு. 2015 ஜனவரியில் புதிய ஆட்சி அவரை ஒரு நாள் பதவியில் அமர்த்தி, மறுநாள் அவர் ஓய்வு பெற்றார்.

ஒரு சபையைக் கலைக்கச் சட்டமூலம் வேண்டியிருந்தபடியால்தான் யாரோ ஒருவர் நீதிமன்றம் போக முடிந்தது; மாகாண சபைகளில் விவாதம் நடந்தது; பத்திரிகைகளில் வந்தது. வர்த்தமானியால் முடியும் வேலையாக இருந்திருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். 2015க்குப் பின் பெயர் மறுபடி சமுர்த்தி என்றாயிற்று. 2023இல் அஸ்வெசும வந்தது. அது 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் வருவது. பல வருடங்கள் தூங்கிக் கிடந்த சட்டத்தை எழுப்பினார்கள். சட்டங்கள் அப்படியும் உதவும்.

ஊவாவில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எமது மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். அதன் காலம் 2019இல் முடிந்தபின் ஆளுநரே நிர்வகிக்கிறார். 2012இல் கேட்டது போல இன்று ஒரு சட்டமூலத்துக்கு ஊவாவின் கருத்தைக் கேட்டால் சொல்ல அங்கே உறுப்பினர் எவரும் இல்லை.

இரண்டிலும் சேராதவை

சட்டத்திலும் பிறக்காமல், அமைச்சாகவும் இல்லாமல் சில அமைப்புகள் இருக்கும். ஜனாதிபதி நியமிக்கும் செயலணிகள் அத்தகையவை. ஜனாதிபதியின் ஒரு பத்திரத்தில் தோன்றி, இன்னொரு பத்திரத்தில் மறையும். இந்தியாவின் திட்டக் கமிஷன் 1950இல் அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றினால் உருவானது. 64 ஆண்டுகள் ஐந்தாண்டுத் திட்டங்களை வகுத்து, மாநிலங்களுக்குப் பணம் பிரித்த அவ்வளவு பெரிய அமைப்பு அது. 2014 ஓகஸ்ட் 15ஆம் திகதி பிரதமர் மோடி அவர்கள் சுதந்திர தின உரையில் அதை முடிக்கப் போவதாகச் சொன்னார். 2015 ஜனவரி 1ஆம் திகதி இன்னோர் அமைச்சரவைத் தீர்மானத்தால் நிதி ஆயோக் அதனிடத்தில் வந்தது. பாராளுமன்றத்தில் ஒரு வாக்கும் தேவைப்படவில்லை.

தோட்டங்களில் வீடு, மலசலகூடம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம் என்று நமக்குப் பழக்கமான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியம் இன்னொரு விதம். 1992இல் தொடங்கியது. அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு கம்பனி அது. அது திணைக்களமல்ல. ஆகவே அதனிடம் இருக்கும் உங்கள் கடன் கணக்கு அமைச்சு மாறினாலும் அங்கேயே இருக்கும்.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு இவ்விதம் அமைச்சுகளை ஆக்கி அழிக்கும் அதிகாரம் அரசியலமைப்பில் இல்லை. அங்கே காங்கிரஸ்தான் திணைக்களங்களை உருவாக்குகின்றது. 1939 முதல் ஜனாதிபதி ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை அனுப்பினால் காங்கிரஸ் தடுக்காவிட்டால் அது நடைமுறைக்கு வரும் என்று சட்டம் இருந்தது. அனர்த்த நிவாரணத்துக்கான அவர்களது முகவரகம் 1979இல் அவ்வாறே உருவானது. அந்தச் சட்டம் 1984 இறுதியோடு காலாவதியாயிற்று. எனினும் 2025 ஜனவரி 20ஆம் திகதி பதவியேற்ற அன்றே ஜனாதிபதி டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தார், யூ.எஸ்.எயிட் எனப்படும் உதவி முகவரகம் 1961இல் கென்னடி காலத்தில் தொடங்கி 1998இல் சட்டத்திலும் இடம் பெற்றிருந்தும், 2025 ஜூலை 1ஆம் திகதியோடு தன் வேலையை நிறுத்தியது. சட்டப் புத்தகத்தில் பெயர் இருக்க, ஆட்களையும் பணத்தையும் எடுத்துவிட்டார்கள். இலங்கையிலும் அதன் உதவியில் நடந்த வேலைகள் இடையில் நின்றன. ஆகவே சட்டத்தில் எழுதியிருப்பது மட்டும் போதும் என்று நாமும் ஏமாந்துவிடக் கூடாது. பணம் இல்லாத சபை பூட்டாத வெறும் கடை.

பணம் என்ற விடயம் இங்கும் உண்டு. வருடாந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பணம் அமைச்சின் தலைப்பின் கீழ் எழுதப்படுகின்றது. நடு ஆண்டில் அமைச்சு பிரிந்தால், தலைப்பு மாறிப் பணம் வந்து சேரும்வரை ஒப்பந்தக்காரர் சீமெந்து இறக்கமாட்டார். 2020ஆம் ஆண்டின் பெரும்பகுதி முழுமையான வரவு செலவுத் திட்டம் இல்லாமலே ஓடியது. அரைச்சுவரோடு நின்ற வீடுகளுக்கு யாரையும் திட்டிப் பயனில்லாத காரணம் இது.

இனிப் பையைத் திறப்போம்

உங்கள் பையில் இருக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்தைவிட, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சுற்றுநிருபத்தின்படி என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். அதில் சட்ட இலக்கமும் கோப்பு இலக்கமும் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு உயிர் இருக்கின்றது. அமைச்சரின் வாக்கு மட்டும் இருந்தால், அதைக் காட்டி வேறு ஒரு பலமான தாளைக் கேட்டு வாங்க வேண்டும். 2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி முன்னிலையில் இந்திய வீட்டுத் திட்டத்துக்காகச் சுமார் 2,000 குடும்பங்களுக்குப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. பெற்றவர்கள் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டுவதற்கு முன், அது வீட்டுக்கான அத்தாட்சியா, பதிவு செய்யப்பட்ட காணி உறுதியா, நிலத்தின் அளவும் எல்லையும் அதில் உண்டா என்று காணிப் பதிவகத்தில் கேட்டறிவது நல்லது. காணிப் பதிவகத்தில் ஏறிய உறுதியை எந்த வர்த்தமானியும் அழிக்காது.

இடம்பெயர்ந்தவர்களின் மூலக் கோப்பு பெரும்பாலும் பிரதேச செயலகத்தில் இருக்கும். பிரதேச செயலாளர்களின் அதிகாரம் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. கொழும்பில் எத்தனை அமைச்சு மாறினாலும் ஹல்துமுல்லையிலோ ஹப்புத்தளையிலோ அந்த மேசை இருக்கும். ஆகவே கொழும்புக்கு எழுதும் எதற்கும் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதுங்கள். ஊவாவிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு இடம் தருகின்றது.

"அந்த அமைச்சு இல்லை" என்று திருப்பி அனுப்பினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாள் எழுதுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்ன கோப்பு இலக்கம், இன்ன திகதியிட்ட வர்த்தமானியால் எந்த நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது, இப்போது அது யாருடைய பொறுப்பில் உள்ளது. அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தர் உடனே பற்றுச்சீட்டுத் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு உண்டு. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் உத்தியோகத்தரே அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கின்றது. பற்றுச்சீட்டை மட்டும் வாங்காமல் வராதீர்கள். அதில் உள்ள திகதியிலிருந்துதான் நாட்கள் எண்ணப்படும்.